மஞ்சள் பொட்டு

ஜெர்மனி
04.11.2023

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

தங்கச்சி மெரினா எழுதுவது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மூக்கு ஒழுகுவதைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் மகள் தனுஜா படிக்கிறாளா, போனைத் தடவிக்கொண்டு இருக்கிறாளா?

நம் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் பேசினால் எட்டுக் காம்பராவுக்கும் கேட்கும், அதனால் முக்கியமானதைக் காகிதத்தில் எழுது என்றீர்களே, அதன்படி எழுதுகிறேன்.

நான் வெப்பக் கதிர்வீச்சைப் படிக்கிறவள் என்று எத்தனையோ தடவை சொல்லியும், ஊரில் நீங்கள் என்னை "அடுப்பு டாக்டர்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறீர்கள். ஒரு தடவை ஒழுங்காகக் கேளுங்கள். சூடுள்ள எதுவும் சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒளியாகத் தன் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பு, ஆள், ஆடு, தேயிலை எல்லாம் அப்படித்தான். மேகம் இல்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்குக் கொடுக்கிறது, வானம் திருப்பிக் கொடுப்பதில்லை. விடிவதற்குள் இலை உறைந்து கருகிவிடுகிறது. சவுக்கு மரத்துக்குக் கீழே இருக்கிற தேயிலை தப்பிவிடும், ஏனென்றால் மரம் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கும். கருகின மலையை அப்பா காட்டியபோது, "ஏம்ப்பா மரத்தடியில மட்டும் கருகல?" என்று கேட்டேன் அல்லவா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

இப்போது நம் தோட்டத்துக்கே சூடு பார்க்கிற கமரா ஒன்று வரப்போகிறது. ட்ரோனில் கட்டிப் பறக்கவிடுவார்கள். எந்த மலையில் பனி விழப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடும். கம்பனி சம்மதித்துவிட்டது. பெண்கள் பயப்படக்கூடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும், அது சூட்டை மட்டும்தான் பார்க்கும், யாருடைய முகமும் அதில் தெரியாது என்று.

தனுஜாவுக்கு முத்தம். குளிரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

அன்புத் தங்கச்சி
மெரினா


ஆர்டன்வேல் தோட்டம், கீழ்ப்பிரிவு
தலவாக்கலை
02.12.2023

அன்பான மெரினாவுக்கு,

அக்கா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதுவும் என்னைப் போல் ஏறி இறங்கிப் பழகிவிட்டது.

உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் இரண்டு நாள் கிடந்து, கோந்து கழன்ற உறையோடு வந்தது. யார் கழற்றினார்கள் என்று கேட்டால் மழை என்பார்கள்.

உன் பறவை வந்துவிட்டது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அதைக் கையில் ஏந்திக்கொண்டு திரிகிறார், கண்ணாலம் முடிஞ்சு பத்து வருசத்துக்குப் பிறகு பெற்ற பிள்ளை மாதிரி. முதல் நாள் மலைக்கு மேலே விர்ரென்று வந்ததும் பாதிப் பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான்தான் சத்தம் போட்டு நிறுத்தினேன். "அடியே, நில்லுங்க. அது என் தங்கச்சி செஞ்சது. மூஞ்சி மொகரை ஒண்ணும் அதுக்குத் தெரியாது. சூட்டை மட்டும்தான் பாக்கும்" என்றேன். வீரம்மாக்கா, "அப்ப என் புருஷன் மேல பறக்கவிடு புள்ள, அந்தாளுக்குச் சூடு சொரணை இருக்கான்னு பாப்போம்" என்றாள். மலையே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் பயப்படவில்லை. டோரீன் சொன்னால் சரியாக இருக்கும் என்கிறார்கள்.

பெருமையாகத்தான் இருந்தது. எழுதினால் உனக்குத் தலை கனத்துவிடும், இருந்தாலும் எழுதுகிறேன்.

நத்தார் பண்டிகைக்குக் கேக் செய்கிறாயா? அங்கே தனியாக உட்கார்ந்து வெறும் பாண் துண்டைத் தின்றுகொண்டிருக்காதே.

அக்கா
டோரீன்


ஜெர்மனி
08.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். நான் சுகம், மூக்கும் நின்றுவிட்டது.

தோட்டத்துத் துரை எழுதியிருந்தார். கமரா சொன்னதை வைத்து நாற்றுமேடையை மூடினார்களாம், ஒரு கன்றுகூடக் கருகவில்லையாம். அக்கா, அன்றைக்கு நான் ஆய்வுகூடத்தில் தனியாக ஆடினேன். இந்த வருடப் பரிசு ஒன்றுக்கு என் பெயரையும் சொல்லியிருக்கிறார்கள். ஆடியில் உங்கள் மலையிலிருந்தே நேரடியாகப் படம் காட்டி விழா செய்யப் போகிறார்களாம்.

படங்கள் எனக்கு இங்கே வருகின்றன. குளிர்ந்தது ஊதா, சூடானது மஞ்சள். நிறங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நம் லயத்துக் கூரை எப்படி விழுகிறது தெரியுமா? கறுப்பாக. தகரம் கண்ணாடி மாதிரி மேலே இருக்கிற வானத்தின் குளிரைத்தான் காட்டும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கமராவுக்குத் தெரியவே தெரியாது. மண் அப்படி இல்லை. நீங்கள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை மண்ணில் ஊற்றிவிட்டுப் போனாலும், நீங்கள் போன பிறகும் அந்த இடம் மஞ்சளாக இருக்கும். மேசையில் கையை வைத்து எடுத்தாலும் ஐந்து விரலும் தெரியும். ஆள் போனாலும் சூடு போவதில்லை என்று இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

உங்களை நினைத்துக்கொண்டேதான் இதை எல்லாம் செய்கிறேன். விவரமாகப் பதில் எழுதுங்கள்.

மெரினா


தலவாக்கலை
11.02.2024

மெரினாவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

நாற்று தப்பியது உண்மை. ஒன்று கேட்கிறேன். உன் பறவை பகலிலும் பறக்கிறது. பகலில் என்ன பனி?

இனிமேல் கடிதத்தைத் தோட்டத்து முகவரிக்கு அனுப்பாதே. டவுன் கோயில் முகவரிக்கு அனுப்பு. பாதருடைய குசினியில் சமைக்கிற நிஷாந்தி எடுத்து வைத்துக் கொடுப்பாள்.

தனுஜாவுக்குப் பரீட்சை.

டோரீன்


ஜெர்மனி
05.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் ஒன்றும் எழுதவில்லை. காய்ச்சலா? முழங்காலா? என்மேல் கோபமா?

பகலில் பறப்பதைக் கேட்டீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. தாகம் எடுத்த தேயிலைக்கு உடம்பு சுடும். எந்த மலைக்கு வறட்சி என்று பார்க்கப் பகலிலும் பறக்க அனுமதி கேட்டார்கள், நான் கொடுத்தேன். நல்லதுக்குத்தான்.

முகவரி ஏன் மாறுகிறது என்று எழுதவில்லையே. உங்கள் கையெழுத்தும் சரிந்து கிடக்கிறது. படுத்துக்கொண்டா எழுதினீர்கள்?

உடனே பதில் எழுதுங்கள்.

மெரினா


தலவாக்கலை
14.04.2024

மெரினாவுக்கு,

அக்கா எழுதுவது. சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அதனால் சுகம்.

போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் திட்ட வராது. காகிதம் என்றால் வரும். அதனால் உட்கார்ந்து படி.

வீரம்மாக்காவுக்கு நடந்ததை எழுதுகிறேன். மலையில் கக்கூஸ் கிடையாது என்று உனக்குத் தெரியும். லயத்துக்கு இறங்கிவிட்டு ஏறினால் கொழுந்து நிறை குறையும். ஒருத்திக்கு அவசரம் என்றால் தான் கொழுந்து பறிக்கிற தேயிலை நிரைக்குள்ளேயே குந்துவாள். இரண்டு பக்கத்து நிரையிலும் இருக்கிறவர்கள் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கை அவிழ்த்து, திரை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கங்காணி மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். நம் அம்மா காலத்திலும் அப்படித்தான், ஆத்தா காலத்திலும் அப்படித்தான். ஒரு ஆம்பிளையும் அந்த நேரத்தில் திரும்பினது கிடையாது. குடிகாரன்கூடத் திரும்பமாட்டான்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் அப்படிக் குந்தியிருக்கிறபோது உன் பறவை வந்தது. பக்கத்து நிரைக்காரிகள் படங்கைக் கீழே விடவில்லை. விட வேண்டும் என்று அவர்களுக்கு ஏன் தோன்றும்? அதற்குத்தான் மூஞ்சி தெரியாதே. டோரீன் சொல்லியிருக்கிறாளே. படங்கு பக்கத்துக்குத்தான் மறைக்கும். மேலே மறைக்காது.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், எல்லோரும் பெயர் கொடுக்க நிற்கிற நேரத்தில், கண்டாக்கையா அந்தப் பலகை போனைத் தூக்கிக் காட்டினார். "இது என்னாம்மா? மலையில மஞ்சள் அரைக்கிறீங்களா?" என்றார். படத்தில் ஊதா மலை. குந்தின உருவம் ஒன்று. அடுத்த படத்தில் அவள் எழும்பிப் போய்விட்டாள். மண்ணில் மஞ்சளாக ஒரு பொட்டு. "ஆள் போயும் காயல பாரு" என்று சிரித்தார். ஆபீஸ் பையன்களும் சிரித்தார்கள். பிறகு எந்த மலை, எந்த நிரை என்று வாசித்து, "அப்ப இது யாரு?" என்றார். அவர் சொல்லத் தேவையே இல்லை. நூறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வேலை நேரத்தில் உட்கார்ந்தாள் என்று அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். பாதிச் சம்பளம் போனது போகட்டும். பின்னேரமே அந்தப் படம் டவுன் கடைப் பையன்களுடைய போனில் இருந்தது. "மஞ்சப் பொட்டு வருது" என்கிறான்கள், மீசை முளைக்காத நாய்கள்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கண்டாக்கையாவின் பல்லைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவனுடைய அம்மாவும் ஒரு காலத்தில் கூடை தூக்கினவள்தான். உன் பெயரைச் சொன்னாலும் இப்போது வாயில் கசப்பு வருகிறது. மறைக்க மாட்டேன், அதுதான் உண்மை.

புதுவருடத்துக்குப் பலகாரம் ஒன்றும் செய்யவில்லை.

டோரீன்


ஜெர்மனி
06.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

நடந்தது அசிங்கம். துரைக்கு அன்றைக்கே எழுதினேன். கருவியைத் தவறாகப் பாவிக்கக் கூடாது என்று கடுமையாகவே எழுதினேன். கவனிப்பதாகப் பதில் போட்டிருக்கிறார். ஆனால் அக்கா, இது கருவியின் குற்றம் இல்லை. கத்தியால் காய்கறியும் நறுக்கலாம். அந்தப் படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை. பெயரைச் சேர்த்தது அந்த மனிதர்.

எனக்கு வருகிற படங்களில் அதையும் தேடிப் பார்த்தேன். கிடைத்தது. "வேலையில்லாமல் இருப்போர்" என்று தலைப்புப் போட்டு ஒரு தொகுப்பையே யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று இரண்டு இல்லை. நீங்கள் சொன்ன படத்தில் ஒரு சவுக்கு மரம், அதற்குக் கீழே குளிர்ந்த பாறை, பாறையை ஒட்டின நிரையில் அந்த மஞ்சள். பார்த்ததும் திரையை மூடிவிட்டேன். பாவம் வீரம்மாக்கா. அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆடி விழா முடிந்ததும் பகல் பறப்பை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். இப்போது சொன்னால் எல்லாம் குழம்பிவிடும்.

மெரினா


தலவாக்கலை
02.06.2024

மெரினாவுக்கு,

முகம் இல்லை, பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஏண்டி, நீ எங்கே பிறந்தாய்? ஒருத்தி ஒரு மலையில் ஒரு நிரையைப் பிடித்தால் கண்ணை மூடுகிற வரைக்கும் அது அவள் நிரை. அவள் செத்தால் மகள் நிரை. தோட்டத்தில் நிரைதான் பெயர். முகத்தை வைத்து யார் யாரைத் தேடுகிறார்கள்? உன் படிப்பில் சூடு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நிரை மறந்துபோய்விட்டது.

அந்தப் பாறையையும் உனக்குத் தெரியவில்லையா? சரி.

பெண்டுகள் மலையில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். விடியக்காலையில் ஒரு வாய் தேத்தண்ணி, பிறகு லயத்துக்கு வந்துதான். வீரம்மாக்கா நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக மாசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டுகூட மேலே விசிறி சுற்றினால் காலைச் சேர்த்துக்கொண்டாளாம்.

விழா முடியட்டும் என்கிறாய். முடியட்டும். உன் விழாவுக்கு எங்களையும் நல்ல படங்கு கட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். வருகிறோம்.

இனி எழுதாதே என்று சொல்லமாட்டேன். நான் எழுதுவேனா என்று தெரியாது.

டோரீன்


ஜெர்மனி
20.08.2024

அக்கா,

சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விழா அன்றைக்கு நான் இங்கே கணினிக்கு முன்னால் இருந்தேன். அங்கே துரை பங்களாப் புல்வெளியில் பெரிய திரை. உங்கள் மலை ஊதாவாக விரிந்தது. நிரை நிரையாக நீங்கள் எல்லோரும். இலை எப்படி வானத்துக்குச் சூட்டைக் கொடுக்கிறது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மேல் நிரையில் ஒருத்தி குந்தினாள். பிறகு அடுத்தவள். பிறகு மலை முழுவதும். ஒருத்திகூடப் படங்கு பிடிக்கவில்லை. விருந்தாளி ஒருவர், "என்ன செய்கிறார்கள்?" என்றார். "தேநீர் இடைவேளை" என்றார் துரை. யாரோ கை தட்டினார்கள். மண்ணில் மஞ்சள் பொட்டு ஒவ்வொன்றாக விழுந்தது.

ஒருத்தி மட்டும் குந்தவில்லை. சவுக்கு மரத்துக்குக் கீழே, அந்தப் பாறையை ஒட்டி நின்றாள். நின்று அண்ணாந்து கமராவைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் பாறை தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவுக்குக் கொண்டுபோன தேத்தண்ணிப் போத்தலை அந்தப் பாறை மேல்தான் வைப்பேன். அது அம்மாவின் நிரை. அம்மாவுக்குப் பிறகு உங்கள் நிரை.

முகம் தெரியாது என்று எழுதினேனே அக்கா. எனக்குத் தெரிந்தது.

அந்தப் படத்தில் இருந்தது வீரம்மாக்கா இல்லை. பெரட்டுக்களத்தில் நின்றது நீங்கள். ஆஸ்பத்திரியில் கிடந்ததும் நீங்கள். அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டுதான் "சுகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்ப எழுதினேன், நல்லதுக்குத்தான் என்று.

பேச்சை நிறுத்தினேன். ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன், "அது தேநீர் இல்லை. அந்த மலையில் ஒரு கழிப்பறை கிடையாது. பெண்கள் ஒதுங்குவதை என் கருவியால் படம் பிடித்து, அதைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். நின்றுகொண்டிருப்பவர் என் அக்கா" என்று. அதற்குள் அங்கே திரையை அணைத்துவிட்டார்கள். இணைப்பில் கோளாறு என்று விருந்தாளிகளுக்குச் சொன்னார்களாம். விருந்தாளிகளில் ஒரு அம்மா மட்டும் விடாமல் கேட்டதால், மலையில் கழிப்பறை கட்டுவோம் என்று துரை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கமராவைத் திருப்பி வாங்கிவிட்டேன். அந்தத் தொகுப்பை அழித்தேன், போனுக்குப் போனதை அழிக்க என்னால் முடியாது. பரிசுக்குக் கொடுத்த பெயரையும் எடுத்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன். அந்த மஞ்சளை நிறப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

ஒரு வரி போதும். எழுதுங்கள்.

மெரினா


தலவாக்கலை
19.01.2025

மெரினாவுக்கு,

அக்கா எழுதுவது. காய்ச்சல் இல்லை, கடுப்பு இல்லை. இப்போது உண்மையாகவே சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆமாம், நான்தான். என் வாயால் உனக்குச் சொல்ல முடியவில்லை. வீரம்மாக்காதான் சொன்னாள். "எம் பேரப் போட்டு எழுது புள்ள. எனக்கு வயசு போச்சு, வெக்கமும் கூடவே போச்சு. ஒந் தங்கச்சி ஒன்னய நெனச்சு அழுதுக்கிட்டுப் படிக்காம இருந்துறப்போறா" என்றாள். பெயரை இரவல் கொடுக்கிற மனுஷியை நீ எந்தப் புத்தகத்தில் படிப்பாய்?

உனக்கு எழுத ஐந்து மாதம் ஆகிவிட்டது. கோபம் என்று சொல்லலாம். பேனாவை எடுத்தால் பெரட்டுக்களம்தான் முன்னால் வந்தது.

உன் கமரா போனதும் கம்பனி சொந்தமாக இன்னொன்று வாங்கிவிட்டது. கண்டாக்கையாவுக்கு இப்போது பதவியும் கூடியிருக்கிறது. புதியது பகலில் மட்டும்தான் பறக்கும், ராத்திரியில் பறப்பதில்லை. போன கிழமை ராத்திரி வானம் மேகமில்லாமல் வெளித்துக் கிடந்தது. யாருக்கும் யாரும் சொல்லவில்லை. பள்ளத்து மலை முழுவதும் கருகிவிட்டது. நாற்றுமேடையும் போய்விட்டது. பனிக்கு வாங்கினது பனிக்கு இல்லை, பெண்டுகளுக்குத்தான். இவர்களை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

கக்கூஸ் கட்டிவிட்டார்கள். பொய் சொல்லக்கூடாது. பாறைக்குக் கொஞ்சம் மேலே, சீமெந்துச் சுவர், தகரக் கூரை, பச்சைக் கதவு. ரிப்பன் வெட்டிப் படம் எடுத்தார்கள். சுவரில் கல் பதித்து, "கலாநிதி மெரினா அலோசியஸ் அவர்களின் நினைவாக" என்று உன் பெயரைப் பட்டத்தோடு பொறித்திருக்கிறார்கள். நீ செத்துப்போனதாக நினைத்துவிட்டார்களோ என்னவோ.

அன்றைக்கே பூட்டும் போட்டார்கள். அழுக்காகிவிடுமாம். சாவி கண்டாக்கையாவிடம் இருக்கிறது. யாராவது பெரிய மனிதர் வந்தால் திறந்து காட்டுகிறார். நான் கேட்டுப் பார்த்தேன். "ஒங்களுக்கு எதுக்கும்மா கக்கூஸ்? நிரைதான் பழகிருச்சே" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். நாங்கள் பழையபடி நிரைக்குள்ளேதான் குந்துகிறோம். இப்போது ஒருத்திக்கு நாலு பேர். இரண்டு பேர் பக்கத்தில் பிடிக்க, இரண்டு பேர் மேலே பிடிக்க.

தனுஜா பாஸ் பண்ணிவிட்டாள். பௌதிகம் படிக்கப் போகிறேன் என்கிறாள். செருப்பால் அடிப்பேன் என்றேன். பிறகு சரி என்றேன்.

அக்கா
டோரீன்


ஜெர்மனி
14.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதினதை நம்புகிறேன். நானும் சுகம்.

சாவியைக் கேட்காதீர்கள். உடையுங்கள். யார் கேட்டாலும் சுவரில் இருக்கிற பெயர்க்காரி சொன்னாள் என்று சொல்லுங்கள். இதை நான் கையெழுத்துப் போட்டுத்தான் எழுதுகிறேன், ஆபீசில் காட்டலாம்.

மெரினா அலோசியஸ்


தலவாக்கலை
16.03.2025

அன்புள்ள மெரினாவுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? தனியாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் கோயிலுக்கு வருவதற்குள் உடைத்துவிட்டோம். வீரம்மாக்கா தண்ணிக் கான் வெட்டுகிறவர்களிடம் அலவாங்குக் கம்பி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். ஒரே நெம்பு. பூட்டு பள்ளத்தில் போய் விழுந்தது. கண்டாக்கையா ஓடி வந்து, "யாரு ஒடச்சது, பேரச் சொல்லுங்க" என்று கத்தினார். எல்லோரும் சுவரைக் காட்டினோம். அங்கே ஒரு பெயர்தான் இருந்தது. புதுப் பூட்டு வாங்கி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அலவாங்கை நாங்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதலில் என்னைத்தான் போகச் சொன்னார்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றேன். "பரவாயில்ல, போ புள்ள" என்று வீரம்மாக்கா முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே கம்பனிப் பறவை பறக்கிற சத்தம் கேட்டது. வட்டமடித்துக்கொண்டு மேலேயே நின்றது. நான் சும்மா நின்று தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ முன்பு எழுதியிருந்தாயே, தகரம் கறுப்பாகத்தான் விழும், உள்ளே யார் என்று தெரியாது என்று. அது ஞாபகம் வந்தது. அப்போதுதான் மெரினா, போன வருடத்திலிருந்து முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதேன். நேரம் போனது தெரியவில்லை. வெளியே அத்தனை பேரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

அக்கா
டோரீன்